டோனியின் கருவாடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' நாவலைக் கல்லூரி நாட்களில் தொடங்கி மூன்று முறை வாசித்திருக்கிறேன். அதன் திரைவடிவமான 'தி கோல்டன் காம்பஸ்' படத்தைச் சென்ற வாரம்தான் என் பதினொரு வயது மகளோடு பார்த்தேன். மனம் விட்டுப்போயிற்று. கரடிகளின் அரசன் யோஃபுருக்கு ராக்னர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். திருச்சபை மீதான விமர்சனத்தை மழுங்கடித்துவிட்டார்கள். கடைசி அத்தியாயங்களே படத்தில் இல்லை. ஒரே ஆறுதல், டீமன் வெட்டப்பட்ட அந்தச் சிறுவன் படத்தில் பிழைத்துத் தாயிடம் சேர்ந்துவிடுகிறான். என் மகள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள். அவளுக்கு நாவலை இப்போதே கொடுக்கலாமா, இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கலாமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். ஒரு நாவலுக்காக இவ்வளவு மனம் நோகிறவர்கள் குறைந்துவரும் காலத்தில் உங்கள் வருத்தம் எனக்குப் பெரிதாகவே படுகிறது. ஆனால் நீங்கள் வருந்த வேண்டிய இடத்தில் ஆறுதல் அடைந்திருக்கிறீர்கள். அதைச் சொல்லாமல் உங்கள் கேள்விக்கு என்னால் போக முடியவில்லை.

கரடியின் பெயரை விட்டுவிடுங்கள். நாவலின் நாயகி லைராவுக்குத் துணைவரும் கரடி யோரெக், கரடிகளின் அரசன் யோஃபுர் என்று காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் இரண்டு பெயர்களைத் திரையரங்கில் பிரித்தறிவது கடினம், மாற்றியது சரிதான். முடிவைப் பொறுத்தவரை, இயக்குநர் கிறிஸ் வைட்ஸ் அந்தப் பகுதியைப் படமாக்கியே இருந்தார். 2007 டிசம்பரில் படம் வெளிவருவதற்கு முன் அது வெட்டப்பட்டது. திருச்சபை விஷயத்தில் தயாரிப்பாளர்கள் அஞ்சினார்கள், அவ்வளவுதான். தலைப்பைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லாதது எனக்கு வியப்பு. மில்டனின் காவியத்தில் உலகைப் படைக்க வட்டம் வரையும் தங்கக் கவராயத்தை எண்ணிப் புல்மன் தம் நாவல் வரிசைக்கு முதலில் வைத்திருந்த பெயரை, அமெரிக்கப் பதிப்பாளர்கள் லைராவின் கையிலிருக்கும் உண்மைகாட்டிக் கருவியின் பெயராக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கவராயம் திசைகாட்டி ஆகிவிட்டது. படம் அந்தப் பிழையையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டது.

இனி அந்தச் சிறுவனுக்கு வருகிறேன். நாவலை வாசிக்காதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். புல்மனின் உலகில் மனிதரின் ஆன்மா உடலுக்கு வெளியே ஒரு விலங்குருவில் உடன்வருகிறது. அதற்கு டீமன் என்று பெயர். வடதுருவப் பகுதியில் போல்வாங்கர் என்னும் இடத்தில் குழந்தைகளைக் கடத்திவந்து டீமனை அவர்களிடமிருந்து வெட்டிப் பிரிக்கிறார்கள். படத்தில் அப்படி வெட்டப்பட்டவனாக லைரா கண்டெடுப்பது பில்லி கோஸ்டாவை. அவனுக்கு அழ ஒரு தாய் இருக்கிறாள், தேட ஒரு குலமே இருக்கிறது. நாவலில் லைரா காண்பதோ டோனி மகாரியோஸை. இரண்டு பாத்திரங்களை ஒன்றாக்கிச் சுருக்குவது திரைக்கதையில் அன்றாடம் நடப்பது, இதிலென்ன குற்றம் என்று நீங்கள் கேட்கலாம். சுருக்கப்பட்டவன் யார் என்பதில்தான் குற்றம் இருக்கிறது.

டோனி லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் சந்தையில் திருடித் தின்று வளர்பவன். அவனுக்கு ஒன்பது வயது என்று அவன் தாய் நினைக்கிறாள். குடியால் நினைவு கெட்டுப்போனவள் என்பதால் எட்டாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். தன் வயதே உறுதியாகத் தெரியாத ஒரு பிள்ளையைப் புல்மன் மூன்றாம் அத்தியாயத்தில் அறிமுகப்படுத்தி, கடத்த விட்டு, பிறகு நம்மை மறக்கவும் விட்டுவிடுகிறார். வெகுதொலைவு கடந்து, பனியில், மீன் உலர்த்தும் ஒரு குடிசையில் லைரா விளக்கைத் தூக்கிப் பார்க்கிறாள். வரிசையாகத் தொங்கும் மீன்களுக்கிடையே, லைரா தன் டீமனை நெஞ்சோடு அணைத்திருப்பதைப் போலவே, அவன் ஒரு கருவாட்டை அணைத்துக்கொண்டு ஒடுங்கியிருக்கிறான். ராட்டர் எங்கே, ராட்டர் எங்கே என்று தன் டீமனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். லைராவுக்கு முதலில் வருவது இரக்கம் அல்ல. குமட்டலும் ஓடிவிடும் எண்ணமும்தான். அதை வென்று அவனைக் கரடியின் முதுகில் ஏற்றிக் கொண்டுவருகிறாள். பில்லியின் குலத்தவரான துணிச்சல்மிக்க ஜிப்ஷியர்கள்கூட அவனைக் கண்டு பின்வாங்குகிறார்கள். அன்றிரவே அவன் இறந்துவிடுகிறான்.

மறுநாள் லைரா கேட்பது கருவாட்டைத்தான். ஒருவன் அதை எடுத்துத் தன் நாய்களுக்குப் போட்டுவிட்டிருக்கிறான். அவன் மன்னிப்புக் கேட்கும்போது, கேட்க வேண்டியது தன்னிடமல்ல, இறந்தவனிடம் என்கிறாள் அந்தச் சிறுமி. பிறகு ஒரு பொன் நாணயத்தில் ராட்டர் என்று கத்திமுனையால் கீறி அவன் வாயில் வைக்கிறாள். ஆக்ஸ்ஃபோர்டின் ஜோர்டன் கல்லூரி நிலவறையில் அறிஞர்களின் மண்டையோடுகளோடு அவரவர் டீமனின் உருவம் பொறித்த காசுகள் இருக்கும். சிறுவயதில் விளையாட்டாக அவற்றை இடம்மாற்றி வைத்து, அன்றிரவு அஞ்சி நடுங்கியவள் இவள்தான். பெரிய அறிஞர்களுக்கு மட்டுமே உரிய சடங்கை லண்டன் சந்தைத் திருடனுக்கு அவள் செய்துவிடுகிறாள்.

இதை நான் முதலில் வாசித்தபோது முப்பது வயது தாண்டியிருந்தேன். வாசித்ததும் என் வலது உள்ளங்கை வியர்த்தது. விருத்தாசலத்தில் நான் படித்த பள்ளிக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. அங்கே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பையன் மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். மலைப்பக்கத்திலிருந்து வந்தவன் என்பதைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எல்லோரும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தோம். மணிமுத்தாற்றங்கரையில் குழி வெட்டி முடித்ததும், "சொந்தக்காரங்க வாய்க்கரிசி போடுங்க" என்றார் வெட்டியான். நின்றிருந்த ஏழெட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். அப்பா தட்டிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி என் கையில் வைத்து, "உன் வயசுதான் இருக்கும், நீ போடு" என்றார். போட்டேன். இரண்டு மூன்று மணிகள் உதட்டில் தங்காமல் மோவாயில் ஒட்டிக்கொண்டன. என் உள்ளங்கையிலும் ஒரு மணி ஒட்டியிருந்தது. அதை உதறலாமா கூடாதா என்று தெரியாமல் வீடு வரைக்கும் கையை மூடிக்கொண்டே வந்தேன்.

வாய்க்கரிசி உறவுக்கு உரியது. யாருமற்றவனுக்கு அதைப் போடுகிறவர் அந்தக் கணத்தில் அவனுக்கு உறவாகிவிடுகிறார். லைரா செய்தது அதுதான். பில்லிக்கு அவள் அதைச் செய்யத் தேவையில்லை, அவனுக்குத் தாய் இருக்கிறாள். 2019இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் அந்தச் சிறுவனை இறக்க விட்டது. ஆனால் அங்கேயும் அவன் பில்லிதான், தாய் அருகிலிருக்கிறாள். இரண்டு முறை படமாக்கியும் டோனிக்கு இடம் கிடைக்கவில்லை. 18 கோடி டாலர் செலவிட்டு, டீமன்களின் ஒவ்வொரு ரோமத்தையும் உயிர்ப்பித்து, காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கரும் பெற்ற ஒரு படத்தில், ஒரு கருவாட்டுக்கும் ஒரு காசுக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை. பதினொரு வயது லைராவால் தாங்க முடிந்ததை உங்கள் பதினொரு வயது மகளால் தாங்க முடியாது என்று முடிவு கட்டியவர்கள் அவர்கள். அவர்களுக்கு நீங்கள் நன்றி சொல்லலாமா? கரடியின் பெயருக்காகச் சினந்த நீங்கள் இந்தப் பிள்ளையின் பெயரைக் கடிதத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லை. மூன்று முறை வாசித்தவர் நீங்கள். கடிந்து எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். உங்களைப் போன்றவர் மறந்தால் அவனை நினைக்க வேறு யார் இருக்கிறார்கள் என்ற ஆற்றாமைதான்.

நாவலை மகளுக்கு இப்போதே கொடுங்கள். பன்னிரண்டாம் அத்தியாயம் வரும் இரவில் மட்டும் அவளோடு உட்காருங்கள். அவனைக் கண்டெடுப்பதோடு அந்த அத்தியாயம் முடிந்துவிடும், காசு அடுத்ததில்தான் வருகிறது. நடுவில் புத்தகத்தை மூடி விளக்கை அணைத்துவிடாதீர்கள்.