கப்பல் பயணத்தில் துணி துவைப்பதும் தேய்ப்பதும்

கேள்வி: நான் கீழக்கரையைச் சேர்ந்த ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். சிங்கப்பூரில் பணிபுரியும் மகன், அங்கிருந்து புறப்படும் 7 இரவு சொகுசுக் கப்பல் பயணத்துக்கு எனக்கும் என் மனைவிக்கும் பதிவு செய்திருக்கிறான். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமே என் உடை. தேய்க்காததை உடுத்திப் பழக்கமில்லை. மனைவி பரமக்குடிக் கைத்தறிச் சேலைகளை எடுத்துவர விரும்புகிறார். சிறிய இஸ்திரிப் பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோகலாமா? துவைத்துக் காயவைக்க என்ன வழி? கப்பலிலேயே சலவைக்குக் கொடுத்தால் எவ்வளவு ஆகும்?

பதில்: இஸ்திரிப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். அனேகமாக எல்லாச் சொகுசுக் கப்பல் நிறுவனங்களும் பயணிகள் இஸ்திரிப் பெட்டியும், துணிச் சுருக்கம் நீக்கும் நீராவிக் கருவியும் கொண்டுவருவதைத் தடை செய்திருக்கின்றன. கையடக்கமானது, பயணத்துக்கென்றே செய்யப்பட்டது என்று கடைக்காரர் சொல்லி விற்றிருந்தாலும் விலக்கு இல்லை. துறைமுகத்தில் பெட்டிகளை ஊடுகதிர்க் கருவியில் விட்டுப் பார்க்கும்போது அது தெரிந்துவிடும். எடுத்துப் பூட்டி வைத்து, இறங்கும் நாளில்தான் திருப்பித் தருவார்கள். அது இருந்த பெட்டி உங்கள் அறைக்கு வந்து சேருவதும் தாமதமாகலாம். பல முனைகள் கொண்ட மின் நீட்டிப்புப் பலகைக்கும் பெரும்பாலான கப்பல்களில் இதே தடை உண்டு.

இந்தக் கண்டிப்பைப் பலர் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது என்பதையும், துணியும் சூடும் சேர்ந்த இடத்தில் கப்பல்கள் ஏற்கெனவே பட்டிருக்கின்றன என்பதையும் அறிந்தால் அப்படி நினைக்க மாட்டார்கள். 1998 ஜூலையில் 'எக்ஸ்டசி' என்ற சொகுசுக் கப்பல் மயாமித் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட சிறிது நேரத்தில் தீப்பிடித்தது. தீ தொடங்கிய இடம் கப்பலின் முதன்மைச் சலவைக் கூடம். அங்கே வெல்டிங் வேலை நடந்தபோது பறந்த தீப்பொறி, காற்றுக் குழாய்களுக்குள் நாள்பட்டுச் சேர்ந்திருந்த துணிப் பஞ்சில் பற்றி, குழாய் வழியாகவே கப்பலின் பின்பகுதிக்குப் பரவியது. 2006 மார்ச்சில் ஜமைக்காவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் பால்கனி ஒன்றில் தொடங்கிய தீ, அடுத்தடுத்த தளங்களின் பால்கனிகளுக்குத் தாவி ஏராளமான அறைகளை எரித்தது. பயணி ஒருவர் உயிரிழந்தார். அணைக்காமல் எறியப்பட்ட சிகரெட்டே பெரும்பாலும் காரணம் என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். பால்கனியில் துணி காயவைக்கக் கூடாது என்று உங்கள் அறைப் பணியாளர் சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது.

ஆகவே, கப்பலில் துவைப்பதற்கு வழிகள் பல உண்டு. தேய்ப்பதற்குத்தான் வழி குறைவு. உங்களைப் போல் வெள்ளை வேட்டி உடுத்துகிறவர் யோசனையைத் தேய்ப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் மகனிடம் கேட்டறிய வேண்டியது, அந்தக் கப்பலில் பயணிகளே பயன்படுத்தும் சலவை அறை உண்டா என்பதை. பிரின்சஸ், டிஸ்னி, கார்னிவல் நிறுவனங்களின் கப்பல்களில் பெரும்பாலும் உண்டு; காசு கொடுத்து இயந்திரத்தைப் பயன்படுத்தலாம். குனார்ட் கப்பல்களிலும் வைக்கிங் நிறுவனத்தின் கடற்கப்பல்களிலும் அது இலவசம். ராயல் கரீபியன், செலிபிரிட்டி கப்பல்களிலோ பயணிகளுக்கான சலவை அறையே கிடையாது; எதுவானாலும் பணியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். சலவை அறை இருக்கிறது என்று தெரிந்தவுடன் நிம்மதி அடைந்துவிடாமல், அங்கே இஸ்திரிப் பெட்டியும் பலகையும் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். துவைக்கும் இயந்திரமும் உலர்த்தியும் மட்டும் இருக்கும் சலவை அறைகளும் உண்டு.

சலவை அறை இருந்தால், எங்கும் நிற்காமல் கடலிலேயே செல்லும் நாட்களில் பகலில் அங்கே போகாதீர்கள். அன்று ஆயிரக்கணக்கானோர் கப்பலுக்குள்ளேயே இருப்பதால் இயந்திரம் காலியாகும் வரை காத்திருக்க வேண்டும். அங்கே நடக்கும் வாக்குவாதங்களைப் பார்த்தால் ஊர்க் குழாயடி பரவாயில்லை என்று தோன்றும். துறைமுகத்தில் மற்றவர்கள் ஊர் சுற்றப் போயிருக்கும் பகலோ, கடல் நாளானால் விடியற்காலையோ ஏற்றது. வைகறைத் தொழுகைக்கு எழுகிறவராக இருந்தால் உங்களுக்கு இது மிகவும் வசதி; அறை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உலர்த்தியில் போடுவதற்கு முன் அதன் பஞ்சு வடிகட்டியை எடுத்துத் துடையுங்கள். துணி சீக்கிரம் காயும் என்பதோடு, மேலே சொன்ன காரணமும் இருக்கிறது.

நம் கடற்கரைக்காரர்கள் இங்கே வழக்கமாகச் செய்யும் தவறு சோப்பு விஷயத்தில். இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருப்பதால் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும். அதனால் தூளை அள்ளிப் போட்டே கை பழகியிருக்கிறது. கப்பலின் தண்ணீர் அப்படியல்ல. கடல்நீரை மிக நுண்ணிய சவ்வு வழியாக அழுத்திச் செலுத்தியோ, எஞ்சினின் வீண் வெப்பத்தைக் கொண்டு ஆவியாக்கிக் குளிர வைத்தோ கப்பலிலேயே நன்னீர் எடுக்கிறார்கள். முதல் முறையை நீங்கள் அறிந்திருக்கலாம்; நரிப்பையூரில் அமைத்த கடல்நீர் குடிநீராக்கும் நிலையம் அந்த முறையிலானதுதான். இப்படி எடுத்த நீரில் கடினத்தன்மை மிகக் குறைவு. வீட்டில் போடும் தூளில் பாதிக்கும் குறைவாகப் போட்டாலே போதும். மிகுந்தால் அலசித் தீராது, வெள்ளைத் துணியில் சோப்பு தங்கி, தேய்க்கும்போது பழுப்பேறும்.

சலவை அறை இல்லாவிட்டால் கப்பலின் சலவைப் பிரிவுதான் கதி. அறையின் அலமாரியில் ஒரு பையும் விலைப்பட்டியல் அச்சிட்ட சீட்டும் இருக்கும். உருப்படிகளை எண்ணிச் சீட்டில் குறித்து, பையில் போட்டு அறைப் பணியாளரிடம் கொடுத்தால், சாதாரணமாக இரண்டு நாளில் திரும்பும்; அதே நாளில் வேண்டுமென்றால் பாதி மடங்கு வரை கூடுதல் கட்டணம் கேட்பார்கள். கட்டணம் கப்பலுக்குக் கப்பல் மாறும் என்றாலும் மனத்தில் ஒரு கணக்கு இருக்கட்டும்: சட்டை ஒன்றைத் தேய்க்க மட்டும் 2 முதல் 4 அமெரிக்க டாலர், துவைத்துத் தேய்க்க 4 முதல் 6 டாலர். கையில் காசு கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் அறைக் கணக்கில் ஏறும், இறங்கும்போது மொத்தமாகக் கட்டுவீர்கள். ஊரில் ஒரு மாதத்துத் தேய்ப்புக் கூலியை இரண்டு மூன்று உருப்படிக்கே கொடுக்கிறோமே என்று மனம் பதைக்கத்தான் செய்யும்.

பயணத்தின் நடுவில் பல கப்பல்கள் ஒரு சலுகை அறிவிப்பதுண்டு: ஒரு பை நிறையத் திணித்துக் கொடுத்தால் மொத்தமாக 25 முதல் 40 டாலர் என்பது போல. நல்ல சலுகைதான், ஆனால் அதில் துவைத்து, உலர்த்தி, மடித்துத் தருவார்கள், தேய்ப்பு சேராது. பனியன், உள்ளாடை, கைலி, இரவு உடை, துண்டு ஆகியவற்றுக்கு இதைப் பயன்படுத்துங்கள். ஆசைப்பட்டு வேட்டியையும் அந்தப் பையில் திணித்தால், இராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு ஈரத்தோடு சுருட்டிப் பையில் வைத்த துணி போல் கசங்கித் திரும்பும். பிறகு அதைத் தேய்க்கத் தனியாகக் காசு கொடுக்க நேரும்.

வேட்டி சட்டைக்கு என் யோசனை, துவைக்கக் கொடுக்காமல் தேய்க்க மட்டும் கொடுப்பது. ஒரு நாளைக்கு ஒன்று என்று 7 சட்டைகளையும், 4 வேட்டிகளையும் ஊரிலேயே வெளுத்துத் தேய்த்து எடுத்துச் செல்லுங்கள். கப்பலேறும் அன்றே பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் மாட்டித் தொங்கவிட்டால் பாதி மடிப்புக் கோடுகள் தாமே இறங்கிவிடும். அப்படியும் நேராகாதவற்றை மட்டும் அன்று மாலையே தேய்க்கக் கொடுங்கள். காலத்தை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 7 இரவுப் பயணத்தில் பெரும்பாலும் 2 இரவுகள் சிறப்பு உடையணிந்து உணவுக்கு வர வேண்டியவை. முதலாவது பல கப்பல்களில் இரண்டாம் நாளே வந்துவிடும். கப்பல் முழுவதும் கோட்டுகளையும் நீள் உடைகளையும் அன்று காலை தேய்க்கக் கொடுக்கும். அந்த வரிசையில் உங்கள் வேட்டியும் நின்றால் இரவு உணவு முடிந்த பிறகு அறைக்கு வந்து சேரலாம். அந்த இரவுகளில் கோட்டும் டையும் வேண்டுமோ என்ற தயக்கம் வேண்டாம். நன்றாகத் தேய்த்த வேட்டி சட்டையும் சேலையும் நம் நாட்டு உடையாக மதிக்கப்படும்.

விலைப்பட்டியலில் வேட்டி என்ற உருப்படி இருக்காது. பட்டியலில் இல்லாததை எழுதாமல் பையில் போட்டுவிடாதீர்கள். பணியாளரை அழைத்து விரித்துக் காட்டி, எந்தக் கணக்கில் விலை போடுவார்கள் என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். நாலு முழமா எட்டு முழமா என்பதைப் பொறுத்து விலை மாறக்கூடும். சீட்டில் கஞ்சி வேண்டுமா வேண்டாமா என்றொரு கட்டம் இருக்கும். 'மிதமாக' என்பதற்கு மேல் போகாதீர்கள்; சட்டைக் காலருக்கென்று வைத்திருக்கும் கஞ்சி முழு வேட்டியில் ஏறினால் அது அட்டை போல் விறைத்து நிற்கும்.

துணைவியாரின் கைத்தறிச் சேலைகளைப் பற்றி இன்னும் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறேன்: கப்பலில் அவற்றைத் துவைக்கக் கொடுக்கவே கூடாது. பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் நெய்யும் பருத்திச் சேலையின் அடர்ந்த நிறங்கள் முதல் சில சலவைகளில் சாயம் விடும். சூடான நீரும் வேகமாகச் சுழலும் இயந்திரமும் கப்பல் சலவையின் இயல்பு. சாயம் இறங்கினாலும், சுருங்கினாலும், சரிகை மங்கினாலும் அவர்கள் பொறுப்பேற்பது, பெரும்பாலான சீட்டுகளின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எல்லைக்கு உட்பட்டுத்தான். சேலையின் விலைக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. பட்டுச் சேலை என்றால் உலர்சலவை வேண்டும்; எல்லாக் கப்பலிலும் அந்த வசதி இல்லை. ஆகவே 2 சிறப்பு இரவுகளுக்கு 2 நல்ல சேலைகள், உடுத்திய பிறகு காற்றாட விட்டு மடித்து வைப்பதோடு சரி. மற்ற நாட்களுக்குக் கசங்காத செயற்கை இழைச் சேலைகளே சிறந்தவை. கைத்தறி மேல் எனக்கும் பற்று உண்டு என்றாலும் கப்பலின் ஏணிப்படிகளுக்கும் துறைமுகச் சுற்றுலாவுக்கும் செயற்கை இழைதான் தோது. பருத்திச் சேலையைப் பெட்டியில் வைக்கும்போது சதுரமாக மடிக்காமல், நீளவாக்கில் மடித்து மெல்லிய துண்டின் மேல் சுருட்டி வைத்தால் குறுக்குக் கோடுகள் விழா.

சிறு துணிகளைக் குளியலறையிலேயே கசக்கிக்கொள்ளலாம், தடையில்லை. பல கப்பல்களின் குளியலறைச் சுவரில், இழுத்து எதிர்ச்சுவரில் மாட்டும் கொடிக் கயிறு ஒன்று இருக்கும். கனமான துணியைத் தாங்காது. முறுக்கிப் பிழிந்த துணியை அறையில் தரும் பெரிய துவாலைக்குள் வைத்துச் சுருட்டி அழுத்தினால் எஞ்சிய ஈரத்தைத் துவாலை வாங்கிக்கொள்ளும். துவாலையைக் கட்டணமின்றி மாற்றித் தருவார்கள். இப்படிச் செய்த மெல்லிய துணி, குளிரூட்டிய அறையில் இரவோடு இரவாகக் காய்ந்துவிடும். கனத்த கைலியும் எட்டு முழ வேட்டியும் காயா. அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடாலானவை என்பதால் நாலைந்து காந்தக் கொக்கிகள் கொண்டுபோனால் ஹேங்கர்களை மாட்டலாம். விளக்கின் மேல் மட்டும் எதையும் போடாதீர்கள்.

பால்கனியைப் பற்றி மறுபடியும் ஒரு வார்த்தை. தீ ஒருபுறம் இருக்க, அங்கே துணி காயவும் காயாது. உப்பு ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. உப்புக்காற்று பட்ட துணி வெயிலில் காய்ந்தது போல் இருந்து பொழுது சாய்ந்ததும் பிசுபிசுக்கும் என்பதைக் கீழக்கரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் ஓடும் வேகத்தில் கைலி பறந்து கீழ்த்தளத்தில் இருப்பவர் மேல் விழுந்தால், அது வேறு சங்கடம்.

தொழுகைக்கென்று ஒரு கைலியையும் ஒரு சட்டையையும் தனிப்பையில் வைத்துக்கொண்டு, அவற்றை மட்டும் நீங்களே கசக்கிக்கொள்வது எளிது. கூட்டுச் சலவையில் தூய்மை குறையுமோ என்ற ஐயமும் எழாது. இலேசாகக் கசங்கிய சட்டையைச் சுடுநீரில் குளிக்கும்போது குளியலறைக் கதவின் உட்புறம் மாட்டி வைத்து, பிறகு ஈரக் கையால் நீவி விட்டால் மார்பும் கையும் நேராகிவிடும். காலர் நேராகாது, வேட்டிக்கு இது பயன்படவே படாது.

சலவைப் பிரிவு கடைசி நாளில் துணி வாங்காது. இரண்டு நாள் கணக்கில் தருவதானால் ஐந்தாம் நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். கடைசி இரவு பெரிய பெட்டிகளைப் பூட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் துறைமுகக் கூடத்தில்தான் அவை கைக்குக் கிடைக்கும். எனவே காலையில் உடுத்த வேண்டிய வேட்டி சட்டையையும் சேலையையும் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். அன்று இரவு எதையும் துவைக்க வேண்டாம்.