செனான் எடுத்தும் ஓட்ட நேரம் குறையவில்லை என்றால்

வேகமாக ஓடுவதற்காகச் செனான் வாயுவை இழுத்துவருகிறீர்கள், பலன் தெரியாததால் அளவைக் கூட்டலாமா என்று கேட்கிறீர்கள். கூட்டாதீர்கள். மறுநாள் ஈபிஓ (சிவப்பணு உருவாகத் தூண்டும் ஹார்மோன்) ஏறியது, நான்கு வாரமாகியும் ஓட்ட நேரம் அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

செனான் ஹிஃப் என்ற புரதத்தைத் தூண்டுகிறது. வழக்கமாக ஆக்சிஜன் குறையும்போது தலைதூக்கும் புரதம் இது. அதன் பேச்சைக் கேட்டுச் சிறுநீரகம் ஈபிஓ சுரக்கிறது. ஆனால் அந்த ஏற்றம் சீக்கிரமே தணிந்துவிடும். சிவப்பணு எண்ணிக்கை உயர அந்தத் தூண்டுதல் வாரக்கணக்கில் நீடிக்க வேண்டும். மலை உயரத்தில் தங்கிப் பயிற்சி செய்பவர்களுக்கு நடப்பது அதுதான். அவ்வப்போது சில நிமிடம் முகமூடி வைத்து இழுத்தால் அது நடக்காது.

முதலில் இரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் பாருங்கள்; உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் அளவு அது. இரும்புச்சத்து கையிருப்பு இல்லாமல் எவ்வளவு ஈபிஓ சுரந்தும் பயனில்லை. அப்புறம் ஹீமோகுளோபினை ஒரே ஆய்வகத்தில், காலையில், ஓடுவதற்கு முன் எடுங்கள். தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தால் அந்த எண் பொய்யாக ஏறித் தெரியும்.

போட்டிகளில் ஓடுபவர் என்றால் இன்னொன்று: செனான் 2014 முதல் வாடாவின் (உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) தடைப்பட்டியலில் இருக்கிறது. போட்டி நாளில் மட்டுமல்ல, எல்லா நாளும் தடைதான். விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

செனான் ஒரு மயக்க மருந்தும்கூட. கலவையில் அதைக் கூட்டினால் ஆக்சிஜன் குறையும், நினைவு தப்பலாம். மயக்க மருத்துவர் இல்லாத இடத்தில், அதுவும் தனியாக, வேண்டவே வேண்டாம்.