மகள் அமெரிக்கப் பொருளாதார வரலாறு படிக்கட்டும், கடன் மட்டும் வேண்டாம்

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து எழுதியிருக்கும் பெற்றோருக்கு,

அமெரிக்காவின் பொருளாதார, சமூக வரலாற்றைப் படிக்கப் போகிறேன் என்று மகள் சொன்ன நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் சரியான தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். பெற்றவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு மேல் ஆறுதல் சொல்லப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் மகள் சொன்னதைவிடக் கலிபோர்னியா மாமாவும் கோயம்புத்தூர் பெரியப்பாவும் சொன்னதே அதிகம் இருக்கிறது. பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க வைக்கச் சொல்லும் அவ்விருவரும் அதன் கட்டணத்தில் ஒரு டாலர்கூடத் தரப்போவதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

கடிதத்தோடு வைத்திருந்த மகளின் பள்ளிக் கட்டுரையைப் படித்தேன். நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரத்தில் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, 1910ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கையெழுத்துத் தாள்களை வீடு வீடாகப் படித்திருக்கிறாள். பெயர், வயது, குடியேறிய ஆண்டு, தொழில் ஆகியவற்றோடு, 1909இல் எத்தனை வாரம் வேலையின்றி இருந்தார் என்பதற்கும் அந்தத் தாளில் ஒரு பத்தி உண்டு. பட்டாலை நெசவாளர்களின் அந்த வாரங்களை மட்டும் தனியே கூட்டி, அவர்களில் யார் வாடகை வீட்டில் இருந்தவர், யார் சொந்த வீட்டுக்காரர் என்று பிரித்துப் பார்த்து, இரண்டு தறிக்குப் பதிலாக நான்கு தறி ஓட்டச் சொன்னதை எதிர்த்து 1913இல் மூண்ட பெரும் வேலைநிறுத்தத்துக்கு முன்பே அந்தத் தெரு எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறாள். மதிப்பெண்ணுக்காகச் செய்கிற பிள்ளை அந்தப் பத்தியைக் கவனித்திருக்கவே மாட்டாள். இந்த நாட்டம் ஓராண்டில் மாறிவிடும் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை.

ஆசிரியர், வழக்கறிஞர், பத்திரிகையாளர் ஆகிய வழிகளை நீங்களே அறிவீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். அமெரிக்கப் பெண்களின் வேலையையும் ஊதியத்தையும் பழைய ஆவணங்களிலிருந்து ஆராய்ந்த கிளாடியா கோல்டினுக்கு 2023இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது என்பது உறவினர்களுக்குப் பதில் சொல்ல உதவும்; மகளுக்கு வேலை தேட உதவாது.

இந்த மாநிலத்திலேயே இருந்தும் நம் வீடுகளில் யாரும் பேசாத ஒரு தொழிலைப் பற்றித்தான், அதாவது கட்டுமானத்துக்கு முன் வரலாற்று இடங்களை ஆராயும் வேலையைப் பற்றித்தான், விரிவாகச் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் பழைய பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கியபோது எழுந்த எதிர்ப்பு, 1966இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு ஒரு காரணமாயிற்று. அந்தச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட எந்தச் சாலை, பாலம், குழாய்த் திட்டமானாலும், அதனால் வரலாற்று மதிப்புள்ள இடங்களுக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டியே ஆராய வேண்டும். இடிக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆராயாமல் இடிக்கக் கூடாது என்கிறது. அந்த ஆய்வைச் செய்வதற்காகப் பொறியியல் ஆலோசனை நிறுவனங்களும் மாநிலப் போக்குவரத்துத் துறைகளும் வரலாறு படித்தவர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கின்றன.

ஒரு பாலத்தை அகலப்படுத்துகிறார்கள் என்றால், ஆய்வாளர் முதலில் மாவட்ட அலுவலகத்தில் பழைய சொத்துப் பத்திரங்களைப் பார்ப்பார். பிறகு தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரையப்பட்ட சான்போர்ன் வரைபடங்களை எடுப்பார். அவற்றில் மரக் கட்டடம் மஞ்சள் நிறத்திலும் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பிலும் இருக்கும். வெவ்வேறு ஆண்டுகளின் தாள்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு மரக் கொட்டகை எப்போது செங்கல் ஆலையாக மாறியது என்பது தெரிந்துவிடும். பிறகு நேரில் சென்று படமெடுத்து, அந்த இடம் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேரத் தகுதியுள்ளதா என்று அறிக்கை எழுதி, ட்ரென்டனில் உள்ள மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். சாலைத் திட்டங்களின் குறுக்கே பெரும்பாலும் மாளிகைகள் வருவதில்லை. ஆலைகள், கால்வாய்கள், ரயில் கொட்டகைகள், தொழிலாளர் வீடுகள் ஆகியவைதான் வருகின்றன. அங்கே யார் எந்தக் கூலிக்கு என்ன வேலை செய்தார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்தான் அவற்றின் மதிப்பை எடுத்துரைக்க முடியும். மத்திய உள்துறை வகுத்த தகுதிகளின்படி, வரலாற்றில் முதுகலைப் பட்டம் வேண்டும். அல்லது இளங்கலையோடு குறைந்தது இரண்டு ஆண்டு முழுநேர ஆய்வு அனுபவம் இருந்தால் போதும்.

தொடக்கச் சம்பளம் மென்பொருள் துறையை எட்டாது. அரசு கட்டுமானச் செலவைக் குறைத்தால் இந்த வேலைகளும் குறையும். இதைத் தெரிந்துகொண்டே மகள் முடிவெடுக்க வேண்டும். வரலாற்றோடு பொருளாதாரத்தை இரண்டாம் பாடமாக எடுத்து, புள்ளியியலும் ஜிஐஎஸ் என்னும் கணினி வரைபடப் பயிற்சியும் சேர்த்துக்கொண்டால், வேலைக்கு இந்த ஒரு துறையையே நம்பியிருக்க வேண்டியதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொருளாதார வரலாற்றுக்கென்று தனித்துறை இருப்பது அரிது. ஆகையால் துறையின் பெயரைத் தேடாமல், என்னென்ன பாடங்கள் நடத்துகிறார்கள் என்று பாருங்கள்.

செலவைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நியூ பிரன்ஸ்விக் வளாகம் எடிசனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாநிலவாசிக்குரிய கட்டணத்தில், வீட்டிலிருந்தே போய்வரலாம். தாமஸ் எடிசனின் ஆவணங்களைத் தொகுத்துப் பதிப்பிக்கும் திட்டமும் அங்கேதான் வளர்ந்தது. பெற்றோர் பெயரில் வாங்கும் மத்திய அரசின் கல்விக் கடனை, பிள்ளை வேலைக்குப் போனாலும் பிள்ளையின் பெயருக்கு மாற்ற முடியாது. ஓய்வுபெறும் வயதிலும் நீங்களே கட்ட வேண்டியிருக்கும். எந்தப் பாடமானாலும் இளங்கலைக்காக அந்தக் கடனை வாங்காதீர்கள். முதுகலையை இரண்டு ஆண்டு வேலை பார்த்த பிறகு யோசிக்கலாம். முனைவர் பட்டத்துக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தரும் இடம் கிடைத்தால் மட்டுமே போக வேண்டும்.

மகள் இங்கே பிறந்தவள் என்பதால் இவ்வளவையும் சொன்னேன். வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்தாருக்குத் தரப்படும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. 21 வயதில் அந்த விசாத் தகுதியும் முடிந்துவிடும். மத்திய அரசுப் பணிகளில் பெரும்பாலானவை குடிமக்களுக்கே உரியவை. அத்தகைய குடும்பத்தார் இதை அப்படியே பின்பற்றக் கூடாது.

எந்தக் கல்லூரி என்பதை வழக்கமாக மே 1ஆம் தேதிக்குள் உறுதி செய்ய வேண்டியிருக்கும். அதற்குள் தனியார் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள். மாமாவுக்கும் பெரியப்பாவுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் இருவரும்தான். மகளிடம் தொலைபேசியைக் கொடுத்து அவளைப் பேச வைக்காதீர்கள்.