டேட்டாபேஸ் ஒரு கண்டத்தில், பயனர் இன்னொரு கண்டத்தில்: கேள்வி பதில்

கே: ஆப் சர்வர் மும்பையில், டேட்டாபேஸ் வர்ஜீனியாவில். பக்கம் திறக்கவே மூன்று நொடி ஆகிறது. டேட்டாபேஸுக்குப் பெரிய மெஷினாகப் போட்டால் சரியாகுமா அண்ணா?

ப: ஆகாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. போகும், மும்பைக்கும் வர்ஜீனியாவுக்கும் நேராக அளந்தாலே கிட்டத்தட்ட 13,000 கி.மீ., ஆக போய்வர 130 மில்லி செகண்ட். கேபிள் கடலடியில் சுற்றிக்கொண்டு போவதால் நடப்பில் 200ஐ ஒட்டி வரும். ஒன்றன்பின் ஒன்றாக 15 குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) போட்டால் அதிலேயே மூன்று நொடி போச்சு. முதலில் ஆப் சர்வரை டேட்டாபேஸ் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகல்) பேச்செல்லாம் அப்புறம்.

கே: நாங்கள் ஏற்கெனவே மும்பையில் படிக்க மட்டுமான ரீட் ரெப்ளிகா வைத்துவிட்டோம் சார். முகவரியை மாற்றிச் சேமித்தவர் ரெஃப்ரெஷ் பண்ணினால் பழையதே வருகிறது.

ப: எழுதியது வர்ஜீனியாவில், படிப்பது மும்பையில், மாற்றம் இன்னும் வழியில் இருக்கிறது. மாற்றியவருக்கு உடனே தெரிந்தால் போதும், மற்றவர்களுக்கு இரண்டு நொடி கழித்துத் தெரிந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனுக்கும் ஜிடிஐடி என்று ஓர் அடையாளம் உண்டு (அந்த வசதியை இயக்கியிருந்தால்); சேமித்தபோது கிடைத்ததை செஷனில் வைத்துக்கொண்டு, ரெப்ளிகா அதுவரை வந்துவிட்டதா என்று கேளுங்கள், வரவில்லை என்றால் அவருக்கு மட்டும் பிரைமரியில் (எழுதுவதெல்லாம் போய்ச் சேரும் மூல டேட்டாபேஸில்) படியுங்கள். இவ்வளவு வேலை வேண்டாம் என்றால் சேமித்த பிறகு சில நொடிக்கு அவரை பிரைமரிக்கே அனுப்பலாம்.

கே: லைக் எண்ணிக்கை ஊருக்கு ஊர் வேறாகத் தெரிகிறது.

ப: தெரியட்டும், விடுங்கள்.

கே: எல்லா ரீஜனிலும் (சர்வர்கள் இருக்கும் வட்டாரத்திலும்) எழுத விட்டால் என்ன?

ப: விடலாம், ஒரே பதிவை இரண்டு ஊரில் ஒரே சமயம் மாற்றினால் எது நிற்கும் என்று முடிவு செய்திருந்தால். அமேசான் தன் டைனமோ டேட்டாபேஸ் பற்றி 2007இல் எழுதிய கட்டுரையில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்: ஷாப்பிங் கார்ட்டின் இரண்டு பிரதிகளைச் சேர்க்கும்போது போட்ட பொருள் தொலையாது, ஆனால் நீக்கிய பொருள் திரும்ப வந்து உட்காரலாம். கார்ட்டுக்குப் பரவாயில்லை, வங்கி இருப்புக்கு? 'கடைசியாக எழுதியதே செல்லும்' என்ற விதி எனக்கு இன்னும் பயம். ஒரு சர்வரின் கடிகாரம் முந்தி ஓடினால் மற்றவரின் புதிய பதிவு சத்தமில்லாமல் காணாமல் போகும், லாகில் ஒரு எரர்கூட இருக்காது.

கே: கூகுளின் ஸ்பானர் டேட்டாபேஸ் இதையெல்லாம் தீர்த்துவிட்டது என்கிறார்களே?

ப: வரிசையைத் தீர்த்தது, தூரத்தை அல்ல. ஜிபிஎஸ்ஸும் அணுக் கடிகாரமும் வைத்து, 'இப்போது மணி இதற்கும் இதற்கும் நடுவில்' என்று ஓர் இடைவெளியாக நேரம் சொல்கிறது, அந்தச் சந்தேகம் தீரும்வரை சில மில்லி செகண்ட் காத்திருந்துதான் கமிட்டை (மாற்றம் உறுதியானதை) வெளியே காட்டுகிறது. ஆனாலும் பாதிக்கு மேற்பட்ட ரெப்ளிகாக்கள் ஒப்புக்கொண்டாக வேண்டும். அவற்றைக் கண்டம்விட்டுக் கண்டம் வைத்தால் ஒவ்வொரு ரைட்டும் அவ்வளவு தூரம் போய்த்தான் திரும்பும்.

கே: லைன் அறுந்தால் பிரைமரி தானாக அடுத்த ரீஜனுக்கு மாறும்படி வைக்கலாமா?

ப: நான் வைக்க மாட்டேன். 2018 அக்டோபர் 21 அன்று, புரோகிராம் கோடுகளைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் அமெரிக்கக் கிழக்குக் கரை இணைப்பு 43 நொடிதான் அறுந்தது. அதற்குள் தானாக மாற்றும் கருவி பிரைமரியை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. கிழக்கில் கடைசியாக எழுதிய சில நொடிப் பதிவுகள் மேற்குக்குப் போகவில்லை, மேற்கிலோ புதிதாக எழுத ஆரம்பித்தாயிற்று. எதையும் தூக்கி எறிய முடியாமல், டேட்டாவைக் காப்பாற்ற மெதுவான வழியில் போனதில் சேவை சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு ரீஜன் தாண்டி பிரைமரி மாறாதபடி கருவியின் அமைப்பையே மாற்றினார்கள். ஒரு ரீஜனுக்குள் தானாக மாறட்டும், ரீஜன் தாண்டுவதை மட்டும் ஓர் ஆள் பார்த்துச் செய்யட்டும், அதற்காக ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டி வந்தாலும் சரி.