சித்திரையில் சுவிஸ் மலை: வானத்தைப் பார்க்காதேங்கோ, மணிக்கூட்டைப் பாருங்கோ

தம்பி, பேர்னுக்கு வந்து முதல் குளிர்காலம் முடியுது, சித்திரையில் வேலையிடத்து ஆட்களோட ஸ்னோஷூ (பனியில நடக்கிற அகலப் பாதணி) போட்டு மலையேறப் போறன், என்ன உடுப்பு வேணும், சாமான் எங்க மலிவா வாடகைக்கு எடுக்கலாம் எண்டு கேட்டிருக்கிறீங்கள். உடுப்பைப் பற்றி ஆரும் சொல்லுவினம். வாடகைச் சாமான் விளையாட்டுப் பொருள் கடையளில இருக்கு. என்னைப் பயப்படுத்தினது உங்கட கடைசி வரி: "பத்து மணிக்கு வெளிக்கிடுறம், வானம் வெளிச்சிருக்குமாம், பிரச்சினை இல்லைத்தானே?"

பிரச்சினையே அதுதான். நான் சொல்லுறது பனிச்சரிவை. தை மாதத்தில அதுக்குப் பயப்பட வேண்டியது புதுப்பனியும் காற்றும். சித்திரையில தண்ணி. வெயிலில உருகின நீர் உள்ளே இறங்கி, பனித்துகள்களுக்கு இடையில இருக்கிற பிடிப்பை அறுத்துவிடும். இரவில மேகம் இல்லாட்டி பனி தன் சூட்டை வானத்துக்கு விட்டு இறுகும். காற்றின் வெப்பம் பூச்சியத்துக்கு ஒண்டு ரெண்டு பாகை மேல நிண்டாலும் இறுகும். மேகம் மூடின இரவெண்டால் விடிய அஞ்சு மணிக்கும் பனி களியாத்தான் கிடக்கும். அண்டைக்கு வீட்டில நில்லுங்கோ.

வெயில் முதலில கிழக்குச் சரிவில, பிறகு தெற்கில, பின்னேரம் மேற்கில அடிக்கும். அந்த ஒழுங்கிலதான் ஆபத்தும் நகரும். இருட்டோட வெளிக்கிட்டு, மத்தியானத்துக்கு முன்னம் கீழ வந்திடோணும். கால் கணுக்காலுக்கு மேல புதையத் தொடங்கினாலோ, மேலயிருந்து பனி உருண்டைகள் தானா உருண்டு வந்தாலோ, உச்சி எவ்வளவு கிட்ட இருந்தாலும் திரும்புங்கோ.

சுவிஸ் அரசின்ர நில அளவைத் திணைக்களமான சுவிஸ்டோபோவின்ர வரைபடத்தில 30 பாகைக்கு மேற்பட்ட சரிவெல்லாம் நிறம் போட்டிருக்கும். நீங்கள் நடக்கிற பாதை மட்டமா இருந்தாக் காணாது, தலைக்கு மேல என்ன நிறம் எண்டு பார்க்க வேணும். புல்லுச் சரிவுகளில பனி வாய் பிளந்த மாதிரி வெடித்திருந்தால் அதுக்குக் கீழ நிக்காதேங்கோ. அது நடுச்சாமத்திலயும் வழுக்கி வரும், மணிக்கூடு அதுக்கு உதவாது.

டாவோஸில இருக்கிற பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின்ர அறிக்கையை வைட் ரிஸ்க் செயலியில வாசியுங்கோ. அதில ஆபத்தை அஞ்சு நிலையாப் போடுவினம். எங்கட ஆட்கள் கனபேர், மூண்டாம் நிலை எண்டால் அஞ்சில மூண்டு, நடுத்தரம் எண்டு நினைக்கினம். சாவுகளில பெரும்பங்கு அந்த மூண்டாம் நிலையிலதான். பகல் ஏற ஆபத்தும் ஏறும் எண்டு எழுதியிருந்தால் அந்த வரிதான் முக்கியம்.

ஒவ்வொருத்தரிட்டயும் எல்.வி.எஸ். கருவி (பனிக்குள்ள புதைஞ்சவரைச் சிக்னலால தேடிப் பிடிக்கிறது), நீட்டுக் குத்துக்கம்பி, அலுமினியச் சவள் மூண்டும் இருக்கோணும். கைத்தொலைபேசியைக் கருவியிலயிருந்து 20 சென்டிமீற்றர் தள்ளி வையுங்கோ, தேடேக்க 50. புதைஞ்சவரை முதல் பத்து நிமிசத்துக்குள்ள எடுத்தால்தான் நல்ல நம்பிக்கை. ரேகா எண்ட ஹெலி மீட்புச் சேவைக்கு 1414 அடியுங்கோ, ஆனா ஹெலி வருமட்டும் பார்த்துக்கொண்டு நிக்காமல் கிண்டுங்கோ.

80களில வந்த எங்களுக்கு இதை ஆரும் சொல்லித் தரேல்லை. உணவகக் குசினியில கூட வேலை செய்த மலைக்கிராமத்து ஆட்களிட்டக் கேட்டுப் பழகினம். அறிக்கையை இப்ப ஜெர்மன்லயே வாசிக்கிறம், அதில எனக்குப் பெருமைதான். "மலை வெள்ளைக்காரன்ர விளையாட்டு" எண்டு முப்பது வருசமா கேபிள் காரிலயிருந்து மட்டும் பார்க்கிற ஆட்களின்ர கதையைக் கேளாதேங்கோ, போங்கோ. ஆனா கூட்டிக்கொண்டு போறவரிட்ட முதல் கேள்வியா, ஏன் பத்து மணி எண்டு கேளுங்கோ.