கடப்பாக் கல்லின் வயதை நுண்புதைபடிவம் சொல்லுமா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "கும்பகோணத்தில் அம்மா வீட்டை இடித்தபோது சமையலறை அலமாரியில் பதித்திருந்த கடப்பாக் கல்லில் ஒரு துண்டை நினைவாக எடுத்து வந்தேன். தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் மகன் அதை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, வட்டப் புள்ளிகளும் பெரணி இலை போன்ற கோடுகளும் இருக்கின்றன, எல்லாம் புதைபடிவங்கள் என்கிறான். இவற்றைக் கொண்டு கல்லின் வயதைக் கணிக்கலாமா? அமிலத்தில் கரைத்துப் பார்க்கப் போவதாகச் சொல்கிறான். செய்யலாமா?"

அமிலம் வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய பாறையிலிருந்து நுண்புதைபடிவங்களைப் பிரிக்கச் சுண்ணாம்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும், மணலையும் களியையும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்திலும் கரைப்பது வழக்கம். உங்கள் மகன் இதை எங்கோ படித்திருப்பார். இரண்டாவது அமிலம் தோலில் பட்டால் தொடக்கத்தில் வலிகூடத் தெரியாமல் போகலாம். உள்ளே ஊடுருவி, இரத்தத்திலும் எலும்பிலும் உள்ள கால்சியத்தைப் பறித்து, இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது. நச்சுப்புகையை உறிஞ்ச அதற்கென அமைத்த பெட்டியும் பயிற்சி பெற்றவர்களும் உள்ள ஆய்வுக்கூடம் தவிர வேறெங்கும் அதைத் திறக்கக் கூடாது. வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் நிச்சயமாகக் கூடாது.

இனி கல்லுக்கு வருவோம். நம் புக்கிட் தீமா கருங்கல்லின் வயது 25 கோடி ஆண்டுகளை ஒட்டியது. உங்கள் சமையலறைப் பலகை அதைவிட மிகப் பழையது. கடப்பாக் கல் என்று நாம் சொல்லும் கறுப்புச் சுண்ணாம்புப் பலகைகளில் பெரும்பாலானவை ஆந்திரத்தின் நார்ஜி சுண்ணாம்புப் படிவிலிருந்து வெட்டப்படுகின்றன. கர்னூல் தொகுதி என்ற அடுக்கு வரிசையில் அது ஒரு படிவு. விலங்குகளின் புதைபடிவங்கள் பெருகத் தொடங்கும் கேம்பிரியன் காலம் ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது; நார்ஜி அதற்கும் முந்தையது. பூமியின் 454 கோடி ஆண்டு வரலாற்றில் எட்டில் ஏழு பங்கு அந்த முந்தைய காலம்தான். அந்த நெடுங்காலத்தின் பெரும்பகுதியில் ஓடுள்ள உயிரும் இல்லை, எலும்புள்ள உயிரும் இல்லை. கடலில் வாழ்ந்தவை நுண்ணுயிர்களும் பாசிகளும்; எஞ்சியவை அவை விட்டுச்சென்ற மெல்லிய உறைகள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முதல் அரை மில்லிமீட்டர் வரையிலான உருவங்களைத்தான் நுண்புதைபடிவ ஆய்வாளர்களான நாங்கள் தேடுகிறோம்.

இங்கே உங்கள் மகன் ஒரு நல்ல பாடம் கற்கலாம். நிலத்தில் செடி முளைத்தே 50 கோடி ஆண்டுகள் ஆகவில்லை என்று இதுவரை கிடைத்த சான்றுகள் சொல்கின்றன. பெரணி அதற்கும் பிந்தியது. ஆகவே இந்தக் கல்லில் பெரணி இருக்க வழியில்லை. அந்த இலைக்கோலம் பெரும்பாலும் பாறையின் இடுக்குகளில் கசிந்த நீர் விட்டுச்சென்ற மாங்கனீசு ஆக்சைடு என்ற கனிமம். சுண்ணாம்புப் பலகைகளைப் பிளக்கும்போது அடிக்கடி தென்படும், அழகாகவும் இருக்கும், ஆனால் உயிரல்ல. வட்டப் புள்ளிகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். பொன்னிறத்தில் மின்னினால் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமமாக இருக்கலாம்.

புதைபடிவம் வயதைச் சொல்லும் விதம் பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. அதனுள்ளே கடிகாரம் எதுவும் இல்லை. ஓர் உயிரினம் தோன்றுகிறது, பரவுகிறது, அழிகிறது. அடுக்கு அடுக்காகப் படிந்த பாறையில் அது எந்த அடுக்கில் தொடங்கி எந்த அடுக்கில் நின்றுபோகிறது என்பதைப் பல இடங்களில் குறித்துக்கொள்கிறோம். அந்த அடுக்குகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் இருந்தால் அதிலுள்ள சிர்கான் படிகங்களின் யுரேனியம், ஈய அளவுகள் ஆண்டுக்கணக்கைத் தருகின்றன. கறுப்புக் களிப்பாறையாக இருந்தால் ரேனியம், ஆஸ்மியம் என்ற தனிமங்கள் கைகொடுக்கும். ஆண்டுக்கணக்கைத் தருவது இந்தத் தனிமங்கள்தான். அந்தக் கணக்கைச் சாம்பலே இல்லாத வேறு ஊர்ப் பாறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது புதைபடிவத்தின் வேலை.

எல்லா உருவமும் இதற்கு உதவாது. குறுகிய காலம் வாழ்ந்திருக்க வேண்டும், உலகெங்கும் பரவியிருக்க வேண்டும், பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டும். வழவழப்பான வெறும் உருண்டைகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கிடைக்கின்றன. அவற்றை வைத்து எதையும் நிறுவ முடியாது. 1899இல் வால்காட் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் விவரித்த சுவாரியா என்ற கறுப்பு வட்டும் நெடுங்காலம் நீடித்ததுதான். சில உருவங்கள் அருமையானவை. உடலெங்கும் குழல்போன்ற நீட்சிகள் கொண்ட டிராக்கிஹிஸ்ட்ரிகோஸ்ஃபேரா 110 கோடி ஆண்டுக்கும் 72 கோடி ஆண்டுக்கும் இடைப்பட்ட பாறைகளைக் காட்டித்தரும். குடுவை வடிவ நுண்புதைபடிவங்கள் அக்காலத்தின் பிற்பகுதியைச் சுட்டுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தவை, கேம்பிரியனுக்குச் சற்று முந்தைய எடியகரன் காலத்து முள்ளுருண்டைகள், அதாவது முட்கள் நிறைந்த உருண்டையான நுண்புதைபடிவங்கள். தென் ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 58 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆக்ரமன் என்ற இடத்தில் ஒரு விண்கல் விழுந்தது. அது தெறிக்கவிட்ட கற்துகள் சுமார் 300 கிலோமீட்டருக்கு அப்பால் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் ஒரு மெல்லிய அடுக்காக இருக்கிறது. எந்த ஆழ்துளையில் அந்த அடுக்கைக் கண்டாலும் அது ஒரே நாளில் படிந்தது என்று அறியலாம். கேத் கிரே என்ற ஆய்வாளர் ஆழ்துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளை அடுக்கடுக்காக ஆராய்ந்து, அந்த அடுக்குக்குக் கீழே எளிய உருண்டைகளும் மேலே முள்முள்ளான பெரிய உருவங்களும் நிறைந்திருப்பதைக் காட்டினார். இத்தகைய முள்ளுருண்டைகள் சீனாவின் தோஷாந்துவோ படிவிலும் கிடைக்கின்றன. 1994இல் திவாரி, நோல் என்ற ஆய்வாளர்கள் நம் இமயமலையின் இன்ஃப்ராகுரோல் படிவிலிருந்தும் அவற்றை விவரித்தார்கள். இமயமும் தென்சீனமும் ஒரே காலத்துக் கடற்படிவுகளைச் சுமப்பதை, கண்ணுக்குத் தெரியாத ஒரு முள்ளுருண்டை இணைத்துக் காட்டிவிடுகிறது.

ஆனால் உருவ ஒற்றுமையை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் தவறலாம் என்பதற்கும் இந்தியாவிலேயே சான்று உண்டு. 1998இல் ஆஸ்மி என்ற ஆய்வாளர், மத்திய இந்தியாவின் விந்தியப் படிவுகளில் சிறு ஓடுகளும் குழல்களும் போன்ற புதைபடிவங்களைக் கண்டதாக அறிவித்தார். அவை கேம்பிரியன் கால உயிர்களை ஒத்திருந்ததால் அந்தப் பாறையும் 54 கோடி ஆண்டுகளை ஒட்டியது என்றார். கடும் விவாதம் எழுந்தது. புதைபடிவங்கள் உண்மையானவைதானா என்றே ஐயப்பட்டார்கள். 2002இல் அதே வரிசையின் எரிமலைச் சாம்பல் அடுக்குகளிலிருந்து ஏறத்தாழ 163 கோடி என்ற வயது வந்தது. 2009இல் பெங்ட்சன் குழுவினர் மறுபடி ஆராய்ந்து, புதைபடிவங்கள் உண்மையானவை, ஆனால் பாறை கேம்பிரியனைவிட நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது என்று காட்டினார்கள். ஆஸ்மி கண்டெடுத்தவை பொய்யல்ல. அவற்றிலிருந்து வயதை முடிவு செய்ததுதான் பிழை. குழல் வடிவில் வளர எந்தக் காலத்துப் பாசிக்கும் முடியும். என் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் வரலாறு இது.

உங்கள் கல்லுக்கும் இதே சிக்கல் உண்டு. நார்ஜிக்கு மேலே படிந்திருப்பது அவுக் களிப்பாறை. அதில் சுருள்வில் போன்ற ஓப்ருசெவெல்லா என்ற நுண்புதைபடிவம் கிடைத்ததை வைத்து அந்த வரிசை எடியகரன் காலத்தது என்று 2012இல் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. ஆனால் அதே சுருள் உலகின் வேறு இடங்களில் அதைவிடப் பழைய பாறைகளிலும் பதிவாகியுள்ளது. கர்னூல் வரிசைக்கு மிகக் கீழே, தாடிபத்ரிப் படிவுக்குள் ஊடுருவி உறைந்த பாறைக்குழம்புக்கு 188.5 கோடி ஆண்டு என்ற உறுதியான வயது உண்டு. அதற்கும் நார்ஜிக்கும் இடையில், அடுக்குகள் அரித்துப்போனதால் பதிவே இல்லாத காலம் ஏராளம். எனவே நார்ஜியின் வயதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. உங்கள் துண்டோ எந்தக் குவாரியில், எந்த அடுக்கில், எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்ற முகவரியையே இழந்துவிட்டது. ஒரு துண்டை வைத்து வயது சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

இதனால் மகனின் ஆய்வு வீணாகிவிடவில்லை. கேள்வியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். 'இது எவ்வளவு பழையது' என்பதற்குப் பதிலாக, 'இதில் தெரிவது உயிரின் தடமா, கனிமமா' என்று கேட்கட்டும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பிக்கிறார்கள். ஆசிரியர் வழியாக, கல்லை மெல்லிய சீவலாக அறுத்துத் தர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். சீவல் 0.03 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், ஒளி ஊடுருவும். பலகையின் பளபளப்பான பரப்பை அறுக்காமல், அடுக்குக் கோடுகளுக்குக் குறுக்காக அறுக்கச் சொல்லுங்கள். படிவு எப்படி ஏறியது என்பது அப்போதுதான் தெரியும்.

நுண்ணோக்கியில் ஏதேனும் உருவம் தெரிந்தால், அது கனிமத் துகள்களுக்கு உள்ளே பொதிந்திருக்கிறதா, வெடிப்பிலோ பரப்பிலோ ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் மாணவனாக இருந்தபோது அழகான முள்ளுருண்டை ஒன்றைக் கண்டு இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன். என் வழிகாட்டி குவியத்தை ஏற்றி இறக்கி, அது வெடிப்பில் புகுந்த பூவின் மகரந்தம் என்று காட்டினார். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் பூஞ்சை வித்துகள் எங்கும் படியும் என்பதால் இங்கே இரட்டிப்புக் கவனம் தேவை. நிறத்தையும் குறித்துக்கொள்ளட்டும். பழைய கரிம உறை பாறையின் சூட்டுக்கு ஏற்ப வெளிர்மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று கருகியிருக்கும். சுற்றியுள்ள பாறையின் கரிமம் கன்னங்கரேல் என்றிருக்க, நடுவில் ஓர் உருவம் மட்டும் நிறமில்லாமல் பளிச்சென்று இருந்தால் அது நேற்று வந்த விருந்தாளி.

அறுப்பதற்கு முன் முழுத் துண்டையும் எல்லாப் பக்கமும் படமெடுத்து, எந்த ஊர் வீடு, எந்த ஆண்டு கட்டியது, கல்லை எந்தக் கடையில் வாங்கியது என்று அம்மாவிடமோ மாமாவிடமோ கேட்டு எழுதி வையுங்கள். பாதியை மட்டும் அறுக்கக் கொடுங்கள். மீதி அம்மாவின் சமையலறை நினைவாக உங்களிடமே இருக்கட்டும்.