சோற்றைக் குறைத்தேன், வயிறு உப்புகிறது

கேள்வி: எனக்கு 42 வயது. உட்கார்ந்தே பார்க்கும் கணக்கு வேலை. எடை குறைக்க இரண்டு வாரமாகச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன். காலையில் ஒரு கிண்ணம் முளைகட்டிய பச்சைப்பயறு, வேகவைக்காமல். மதியம் ஒரே ஒரு கரண்டி சோறு, மீதிப் பசிக்கு முட்டைக்கோஸ், கேரட், வெள்ளரி சாலட். இரவு ஓட்ஸ். எண்ணெய் அறவே இல்லை. ஒன்றரைக் கிலோ இறங்கியிருக்கிறது. ஆனால் சாயங்காலமானால் வயிறு உப்பி, பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது. மூன்று நாளைக்கு ஒருமுறைதான் மலம் கழிகிறது. கலோரி குறைந்தால் இப்படித்தானா? விட்டுவிடட்டுமா?

பதில்: விட வேண்டாம். நீங்கள் குறைத்ததைவிடப் புதிதாகச் சேர்த்ததுதான் வயிற்றைப் படுத்துகிறது. அளவையும் மாற்றி, சாப்பிடும் பொருளையும் ஒரே நாளில் மாற்றிவிட்டீர்கள்.

முதலில் பயறு. பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே குடியிருக்கும் நுண்ணுயிரிகளுக்கு அது கல்யாண விருந்து; அவை தின்று முடித்து விடும் காற்றுதான் உங்கள் சாயங்கால உப்பல். முளைகட்டும்போது இந்தச் சர்க்கரை குறையும், முழுதாகப் போய்விடாது. மதியம் முட்டைக்கோஸும் அதே வேலையைத்தான் செய்கிறது. பழகாத குடலுக்கு இரண்டும் ஒரே நாளில் அதிகம்.

பயறை ராத்திரி ஊறவைத்தால் காலையில் தண்ணீர் மேலே லேசாக நுரை கட்டியிருக்கும். அதைக் கொட்டிவிட்டு, நன்றாக அலசி முளைகட்டுங்கள். பிறகு இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவி காட்டி, கடுகு, பெருங்காயம் தாளித்து அரைக் கிண்ணம் மட்டும் சாப்பிடுங்கள். பச்சை முளைப்பயறில் கிருமி வளரவும் வாய்ப்பு அதிகம் என்பதால், வாயு இல்லாவிட்டாலும் நான் வேகவைக்கத்தான் சொல்வேன். சாலட்டையும் கொஞ்ச நாளைக்குப் பொரியலாக்கிவிடுங்கள்.

சரி, மலச்சிக்கலுக்கு வருவோம். உள்ளே போவது குறைந்தால் வெளியே வருவதும் குறையும். தினமும் போகவில்லையே என்று பதற வேண்டியதில்லை. ஆனால் வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவு என்றால் அது மலச்சிக்கல்தான். பலர் கவனிக்காத ஒன்று: வெந்த சோற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். சோறு குறையும்போது அந்தத் தண்ணீர் மட்டுமா போகிறது? ஊற்றிச் சாப்பிட்ட ரசமும் மோரும் கூடவே போய்விடுகின்றன. நார்ச்சத்தை ஏற்றித் தண்ணீரை இறக்கினால் குடலில் மலம் இறுகத்தான் செய்யும். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். மதியம் நீர்மோர். இதில் கலோரி ஒன்றும் பெரிதாக ஏறாது.

எண்ணெயை அறவே நிறுத்தியதும் சரியில்லை. பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றக் கொழுப்பு வேண்டும். கொழுப்பே இல்லாமல் எடையும் வேகமாக இறங்கினால் பித்தநீர் தேங்கிக் கல் உருவாகலாம். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்குகிறவர்களுக்கு அந்த அபாயம் கூடுதல். உங்களுக்கு இரண்டு வாரத்தில்தான் அவ்வளவு இறங்கியிருக்கிறது, பயமில்லை. ஆனாலும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி எண்ணெய் இருக்கட்டும்.

இரவு ஓட்ஸை ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்துக்கொண்டு, மற்ற நாளில் இரண்டு இட்லி சாம்பார் சாப்பிடலாம். மதியம் சோறு இரண்டு கரண்டியாகட்டும். வயிறு அடங்கிய பிறகு சாலட்டையோ பயறையோ கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், நாலைந்து நாள் இடைவெளி விட்டு. குடல் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை மலம் இறுக்கமாக இருந்தால் இரவில் ஒரு தேக்கரண்டி இசப்கோல், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். அப்புறம், வாயுவுக்குச் சோடா குடித்து ஏப்பம் விட்டால் சரியாகும் என்பார்கள். அந்த ஏப்பம் சோடாவினுடையது.

மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் மலத்தை இறுக்கும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுத்தால், சாப்பாட்டைக் குறைத்திருப்பதை உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். தாழ்சர்க்கரை வந்து மயக்கம் வரலாம்.

இவ்வளவு மாற்றியும் மூன்று வாரத்துக்குப் பிறகு தினமும் உப்பினால், உணவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். தீராத உப்பல் சில சமயம் சினைப்பைக் கோளாறின் அறிகுறி. மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுக்குப் பரவும் வலி, இதில் எது வந்தாலும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.